செட்டைச் சரிபார்ப்பதா, மாற்றுவதா? தென்காசி வட்டாரத்திலிருந்து ஓர் ஆய்வு

செல்போன் மக்கர் செய்யத் தொடங்கியதும் வீட்டில் எழும் கேள்வி ஒன்றுதான்: காசு போட்டுச் சரிபார்ப்பதா, புதிது வாங்கிவிடுவதா? இதற்குப் பதில் சொல்ல மூன்று பேர் காத்திருக்கிறார்கள். "டிஸ்ப்ளே மாத்துற காசோட இன்னும் கொஞ்சம் போட்டா புதுசே வாங்கிரலாம்" என்கிறது கம்பெனி சர்வீஸ் சென்டர். "அரை மணி நேரத்துல முடிச்சுத் தாரேன் அண்ணாச்சி" என்கிறார் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடைக்காரர். பழையதைக் கொடுத்துப் புதியதை எடுத்துப் போகச் சொல்கிறது விளம்பரம். மூவரும் பொய் சொல்வதாக எண்ண வேண்டியதில்லை. ஆனால் மூவருக்கும் தத்தம் பதிலில் ஆதாயம் இருக்கிறது. முடிவெடுக்க வேண்டிய சொந்தக்காரரிடமோ இரண்டு தகவல்கள் மட்டும் இருப்பதில்லை. ஒன்று, பழுதான பாகத்தின் சரியான விலை. மற்றொன்று, அந்தச் செட்டுக்கு மென்பொருள் எந்த ஆண்டுவரை வரும் என்கிற தேதி.

இந்த இரண்டும் தெரிந்துவிட்டால் பெரும்பாலான வீடுகளில் குழப்பம் தீர்ந்துவிடும் என்பதே இக்கட்டுரையின் வாதம். செட்டின் வயதோ, கீறலோ, புது மாடலின் கவர்ச்சியோ அளவுகோல் ஆகாது. எந்தப் பாகம் கெட்டது, அதை மாற்றினால் இன்னும் எத்தனை மாதம் உழைக்கும் என்பவைதான் அளவுகோல்கள்.

தென்காசியில் இந்தக் கேள்வியின் எடை

2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது தென்காசி. கடையம், ஆலங்குளம், பாவூர்சத்திரம் பகுதிகளில் வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றும் பெண்கள் வைப்பு நிதிப் பணத்துக்கு இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டுமென்றால் ஆதாரோடு இணைந்த எண்ணுக்கு ஓ.டி.பி. வந்தாக வேண்டும். 2023 செப்டம்பரில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய் கணக்கில் ஏறியதைச் சொல்வதும் அந்தச் செட்டுக்கு வரும் குறுஞ்செய்திதான். நூறு நாள் வேலைத் தளங்களில் செயலி வழியே படமெடுத்து வருகைப் பதிவு செய்வது 2023 ஜனவரி முதல் கட்டாயமாக்கப்பட்டபோது, பணித்தளப் பொறுப்பாளரின் செல்போனே வருகைப் பதிவேடாகிவிட்டது. பாவூர்சத்திரம் சந்தைக்குக் காய்கறி ஏற்றுபவர் விலையைக் கேட்பதும் பணத்தை வாங்குவதும் அதில்தான்.

கடையநல்லூர், வடகரை போன்ற ஊர்களில் பல வீடுகளின் வருமானம் வளைகுடாவிலிருந்து வருகிறது. விடுமுறைக்கு வருபவர் கொண்டுவரும் செட்டு, அதை வாங்கிக்கொள்ளும் தம்பிக்கோ மச்சானுக்கோ பல ஆண்டுகள் உழைக்கும். இன்னொரு பக்கம் மத்தளம்பாறையில் சோஹோ நிறுவனம் உலகம் முழுக்க விற்கும் மென்பொருளை எழுதுகிறது. குற்றாலத்திலோ ஜூன் முதல் செப்டம்பர் வரை சாரல் காலம். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள். ஆண்டின் பல மாதங்கள் அருவி நீரும் செல்போனும் அருகருகே இருக்கும் ஊர் அது.

இங்கே செட்டு நின்றுபோனால் நிற்பது பொழுதுபோக்கு மட்டுமல்ல. கூலியும், உதவித்தொகையும், பிள்ளையின் படிப்பும், கடல் கடந்த குடும்பப் பேச்சும் சேர்ந்தே நிற்கின்றன. ஆகவே தவறான முடிவின் விலை, சம்பளம் பெரிதாக உள்ள நகரத்து வீட்டைவிட இங்கே அதிகம்.

பழுது எந்த இடத்தில்?

ஒரு செல்போனை நான்கு பகுதிகளாகப் பிரித்துப் பார்த்தால் முடிவு எளிதாகும்: தேயும் பாகங்கள், உடையும் பாகங்கள், மதர்போர்டு, மென்பொருள்.

தேயும் பாகங்களில் முதலாவது பேட்டரி. லித்தியம் அயன் பேட்டரி வாங்கிய நாளிலிருந்தே மெல்ல மூப்படையும். முழுதாக ஏறி முழுதாக இறங்குவதை ஒரு சுற்று என்று கணக்கிட்டால், ஏறத்தாழ 500 சுற்றுகளில் அதன் கொள்ளளவு 80 சதவீதத்துக்கு இறங்குவது பழைய வடிவமைப்புகளில் வழக்கம். ஐபோன் 15 வரிசை முதல் இதை 1,000 சுற்றுகளாக உயர்த்தியிருப்பதாக ஆப்பிள் சொல்கிறது. மூப்படைந்த பேட்டரியின் உள்தடை கூடிவிடுகிறது. அதனால்தான் 30 சதவீதம் காட்டும்போதே செட்டு திடீரென்று அணைகிறது. கேமரா திறந்தால் நின்றுபோகிறது. "செட்டே போச்சு" என்று தோன்றும் பல அறிகுறிகள் உண்மையில் பேட்டரியின் அறிகுறிகள்தான்.

இதற்கு உலகறிந்த சான்று உண்டு. பேட்டரி மூப்படைந்த ஐபோன்களின் வேகத்தை மென்பொருள் மூலம் குறைத்ததை 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. செட்டு திடீரென அணைவதைத் தடுக்கவே அப்படிச் செய்ததாக விளக்கம் சொல்லி மன்னிப்புக் கேட்டு, பேட்டரி மாற்றும் கட்டணத்தை அமெரிக்காவில் 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. 2020-இல் பிரான்ஸ் அந்நிறுவனத்துக்கு 2.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. பேட்டரியை மாற்றியதும் அந்தச் செட்டுகள் பழைய வேகத்துக்குத் திரும்பின. அதற்குள் எத்தனை பேர் "பழசாகிவிட்டது" என்று நம்பிப் புதிது வாங்கியிருப்பார்கள் என்பதே இதில் யோசிக்க வேண்டியது. பேட்டரி மாற்றுவது சைக்கிளுக்கு டயர் மாற்றுவது போன்ற பராமரிப்புச் செலவு. வண்டியை மாற்றுவதற்கான காரணம் அல்ல. ஒரு எச்சரிக்கை மட்டும் அவசியம். பேட்டரி உப்பி, பின் மூடி தூக்கிக்கொண்டு நின்றால் அன்றைக்கே பயன்பாட்டை நிறுத்த வேண்டும். அழுத்துவதும் குத்துவதும் தீப்பிடிக்க வைக்கும்.

அடுத்தது சார்ஜ் ஏறும் துளை. சட்டைப்பையின் பஞ்சும் தூசியும் அதில் இறுகிப்போவதால் வரும் கோளாறே பாதி. முதலில் வேறு கேபிளும் சார்ஜரும் போட்டுப் பார்க்க வேண்டும். பிறகு செட்டை அணைத்து, மரக்குச்சியால் மெதுவாகச் சுத்தம் செய்து பார்க்கலாம். அப்படியும் ஏறவில்லை என்றால், பல ஆண்ட்ராய்டு செட்டுகளில் இந்தத் துளை 'சப் போர்டு' எனப்படும் தனித் தட்டில் இருப்பதால் அதை மட்டும் மாற்றிவிடலாம். மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும் மாடல்களில்தான் வேலையும் கூலியும் கூடுகின்றன.

உடையும் பாகங்களில் பெரியது டிஸ்ப்ளே. இன்று கண்ணாடி, தொடுதிரை, ஒளித்திரை மூன்றும் ஒன்றாக ஒட்டப்பட்டு 'கம்போ' என்றே கடைகளில் வருகின்றன. எல்.சி.டி. வகைத் திரை மலிவு. குறைந்த விலைச் செட்டுகளில் அதை மாற்றுவது பெரும்பாலும் லாபம்தான். அமோலெட் திரை விலை அதிகம். நாலைந்து ஆண்டான செட்டில் அந்தத் திரையின் விலையே செட்டின் சந்தை மதிப்பைத் தாண்டிவிடும். ஆகவே "டிஸ்ப்ளே போச்சு" என்ற ஒரே வாக்கியத்துக்கு இரண்டு வேறு தீர்ப்புகள் உண்டு. மேல்கண்ணாடி மட்டும் விரிசல் விட்டு, படமும் தொடுதலும் சரியாக இருந்தால் அவசரமே இல்லை. ஒரு டெம்பர்ட் கிளாஸ் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டலாம். விரல் வெட்டாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

அமோலெட் திரைகளில் செங்குத்தாகப் பச்சைக் கோடு விழும் கோளாறு இந்தியாவில் பலரைப் படுத்தியது. கீழே விழாமலேயே, சில நேரம் மென்பொருள் புதுப்பித்த மறுநாளே அந்தக் கோடு வந்தது. எதிர்ப்புக்குப் பிறகு 2024-இல் ஒன்பிளஸ் நிறுவனம் இந்தியாவில் இக்கோளாறுக்கு ஆயுள் முழுக்க இலவசத் திரை மாற்றம் அறிவித்தது. வாரண்டி முடிந்துவிட்டது என்று கேட்காமலே இருந்துவிடக் கூடாது என்பதற்கு இது சான்று. உற்பத்திக் குறையாகத் தோன்றும் எதையும், காசு கொடுக்கும் முன் கம்பெனியிடம் எழுத்தில் ஒரு முறை கேட்டுவிட வேண்டும்.

மூன்றாவது பகுதி மதர்போர்டு. செட்டு முற்றிலும் 'டெட்' ஆவது, ஓடிக்கொண்டிருக்கும்போதே மீண்டும் மீண்டும் தானாகத் தொடங்குவது, சிக்னலே இல்லாமல் போவது போன்றவை இங்கிருந்து வரும். ஐ.சி.யைக் கழற்றி, ஈயக் குண்டுகளைப் புதிதாக வைத்துப் பதிக்கும் 'ரீபால்' வேலையில் தேர்ந்தவர்கள் நம் ஊர்களில் உண்டு. உருப்பெருக்கியின் கீழ் மணிக்கணக்கில் செய்யும் நுண்வேலை அது. உரிய கூலி கொடுக்க வேண்டிய வேலை. ஆனாலும் ஒரு முறை போர்டு பழுதான செட்டு எத்தனை மாதம் ஓடும் என்று யாரும் உறுதி தர முடியாது. செட்டு விலை உயர்ந்ததாகவோ, உள்ளே இருக்கும் படங்களும் ஆவணங்களும் வேறெங்கும் இல்லாதவையாகவோ இருந்தால் போர்டு வேலை பொருத்தம். மற்றபடி மாற்றிவிடுவதே மேல்.

நான்காவது பகுதி மென்பொருள். "ஹேங் ஆவுது" என்று கொண்டுவரப்படும் செட்டுகளில் பலவற்றுக்கு எந்தப் பாகமும் தேவையில்லை. நினைவகம் விளிம்புவரை நிரம்பியிருக்கும்; வாட்ஸப் குழுக்களின் காலை வணக்கப் படங்களும் வீடியோக்களும் அடைத்துக்கொண்டிருக்கும். நாலில் ஒரு பங்கு இடத்தைக் காலி செய்து, பயன்படாத செயலிகளை நீக்கினாலே போதும். தேவையானால் எல்லாவற்றையும் நகலெடுத்துக்கொண்டு ஃபேக்டரி ரீசெட் செய்யலாம். இவை செலவில்லாத வேலைகள். வேறெதையும் முடிவு செய்யும் முன் செய்து பார்க்க வேண்டியவை.

குற்றாலத்து நீர்

பேரருவியிலும் ஐந்தருவியிலும் பழைய குற்றாலத்திலும் நீர் விழும் வேகத்தில் நனைந்த செட்டுகளைப் பற்றித் தனியாகப் பேசியே ஆக வேண்டும்.

முதல் தவறு, "வாட்டர் ப்ரூஃப்" என்ற நம்பிக்கை. ஐ.பி. 67 என்றால் அசையாத நன்னீரில் ஒரு மீட்டர் ஆழம்வரை அரை மணி நேரம் தாங்கியதாக ஆய்வகச் சோதனை. ஐ.பி. 68 அதைவிடச் சற்றுக் கூடுதல் ஆழம். எவ்வளவு என்பதைத் தயாரிப்பாளரே சொல்வார். இரண்டுமே மேலிருந்து அறைந்து விழும் அருவியைப் பற்றியவை அல்ல. நீர் பீய்ச்சலுக்கான சோதனை வேறு. மேலும் இந்தப் பாதுகாப்பைத் தருவது செட்டின் விளிம்பில் உள்ள பசையும் ரப்பர் வளையமும்தான். இரண்டாண்டுச் சூட்டிலும், ஒரு தடவை கீழே விழுந்த அதிர்ச்சியிலும், ஒரு தடவை டிஸ்ப்ளே மாற்றியதிலும் அது தளர்ந்துவிடும். பெட்டியில் ஐ.பி. 68 என்று அச்சிட்டிருந்தாலும், நீர் புகுந்த செட்டுக்கு வாரண்டி இல்லை என்பதே பெரும்பாலான கம்பெனிகளின் விதி. பல மாடல்களில் சிம் தட்டுத் துளைக்குள் இருக்கும் வெள்ளைக் குறி ஈரம் பட்டால் சிவந்துவிடும். சர்வீஸ் சென்டரில் முதலில் பார்ப்பதே அதைத்தான்.

இரண்டாவது தவறு, நனைந்ததும் "ஓடுதா" என்று போட்டுப் பார்ப்பது. வெறும் ஈரம் செட்டை உடனே கொல்வதில்லை. ஈரத்தில் மின்சாரம் பாயும்போதுதான் செம்புத் தடங்கள் அரிக்கப்பட்டுக் களிம்பு பிடிக்கிறது; ஷார்ட் ஆகிறது. எனவே நனைந்த நொடியே அணைக்க வேண்டும். சார்ஜில் போடவே கூடாது. சிம்மைக் கழற்றி, துளை கீழே பார்க்கும்படி வைத்துத் தட்டி, காற்றோட்டத்தில் விட வேண்டும்.

மூன்றாவது தவறு அரிசிப் பானை. அரிசி ஈரத்தை இழுத்துவிடும் என்பது நீண்டநாள் நம்பிக்கை. உள்ளே புகுந்த நீரை அது வெளியே இழுப்பதில்லை. அரிசியின் தூளும் துகளும் துளைகளில் புகுந்து கூடுதல் கேடு செய்யலாம். ஆப்பிள் நிறுவனமே 2024 ஜனவரியில் அரிசியில் வைக்க வேண்டாம் என்று எழுதி வைத்தது. சரியான வழி, அன்றோ மறுநாளோ தென்காசியில் ஒரு நல்ல கடையில் திறந்து, ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் போர்டைக் கழுவி உலர்த்துவது. அந்த ஒரு நாள் முன்பின்னில்தான் பிழைப்பதும் போவதும் இருக்கிறது. ஒரு வாரம் கழித்துக் கொண்டுவந்தால் கழுவ வேண்டியது ஈரம் அல்ல, களிம்பு.

நனைந்து பிழைத்த செட்டை முழுதும் நம்பக் கூடாது. அரிப்பு மெல்ல வேலை செய்யும். மூன்று மாதம் கழித்து ஸ்பீக்கர் போகலாம், ஆறு மாதம் கழித்து சார்ஜ் நிற்கலாம். பிழைத்த அன்றே படங்களையும் எண்களையும் நகலெடுத்துவிட வேண்டும். அதன்பின் அந்தச் செட்டில் பெரிய தொகை செலவிடுவது சரியல்ல. நீரில் விழாத செட்டுக்கு 3,000 ரூபாயில் திரை மாற்றலாம். நீரில் விழுந்து எழுந்ததற்கு மாற்ற வேண்டாம்.

மாதக் கணக்கு

"பழுதுச் செலவு புதுச் செட்டு விலையில் பாதியைத் தாண்டினால் மாற்றிவிடு" என்று ஒரு பொது விதி சொல்வார்கள். அது பாதி உண்மை. காலத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. எவ்வளவு செலவு என்பதோடு, எத்தனை மாதத்துக்கு என்பதும் வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். புதுச் செட்டு 12,000 ரூபாய். மூன்றாண்டு உழைக்கும் என்று வைத்தால் மாதம் 333 ரூபாய். பழைய செட்டுக்கு டிஸ்ப்ளே மாற்ற 2,400 ரூபாய். மாற்றியபின் ஒன்றரை ஆண்டு ஓடினால் மாதம் 133 ரூபாய்தான். சரிபார்ப்பதே லாபம். அதே 2,400 ரூபாயைப் போட்டு நாலே மாதத்தில் வாட்ஸப்போ வங்கிச் செயலியோ நின்றுவிட்டால் மாதம் 600 ரூபாய். அப்போது மாற்றியிருக்க வேண்டும். செலவு ஒன்றே, தீர்ப்பை மாற்றியது மீதி ஆயுள். அந்த ஆயுளைச் சொல்வது மென்பொருள் தேதி. அதனால்தான் அந்தத் தேதி தெரியாமல் எடுக்கும் முடிவு ஊகம் மட்டுமே.

புதுச் செட்டின் விலையோடு சேர்க்க வேண்டியவை இன்னும் உண்டு. பெட்டியில் சார்ஜர் இல்லாத மாடல்களுக்குச் சார்ஜர், கவர், கண்ணாடி என்று ஒவ்வொன்றும் செலவு. "வட்டியில்லாத் தவணை" என்ற பெயரிலும் ஏமாற வேண்டாம். பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது, வட்டியைப் பரிசீலனைக் கட்டணம் போன்ற பெயர்களில் மறைக்கிறார்கள் என்று 2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளைக் கண்டித்திருக்கிறது. ரூபாயில் எழுத முடியாத செலவும் உண்டு. பத்தாண்டாக ஒரே இடத்தில் பச்சைப் பொத்தானை அழுத்திப் பழகிய ஆச்சிக்குப் புதுச் செட்டு என்பது புது மொழி. அவர் பேரனுடன் பேசுவது ஒரு மாதம் தடைப்பட்டால் அதுவும் இழப்புதான். முதியவர்களின் செட்டைப் பொறுத்தவரை, முடிந்தவரை சரிபார்ப்பதே அன்பு.

யாரிடம் கொடுப்பது?

வாரண்டி இருந்தால் கேள்வியே இல்லை. கம்பெனி சர்வீஸ் சென்டர்தான். வளைகுடாவில் வாங்கிய செட்டுக்கு மட்டும் முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். பல ஆண்ட்ராய்டு கம்பெனிகளின் வாரண்டி, வாங்கிய நாட்டோடு நின்றுவிடும். அதே பெயரில் இந்தியாவில் விற்கும் மாடலுக்கும் அதற்கும் உள்பாகங்கள் வேறுபடுவதும் உண்டு. டிஸ்ப்ளே வாங்கும் முன் பின்புறத்திலோ அமைப்புகளிலோ இருக்கும் மாடல் எண்ணைச் சரிபார்ப்பது அவசியம்.

வாரண்டி முடிந்தபின் நம் ஊர்க் கடைகள்தான் பெரும் ஆதரவு. சென்னை ரிச்சி தெருவிலிருந்து பார்சலில் உதிரிபாகத்தை வரவழைத்து, மறுநாள் மாலைக்குள் பொருத்தித் தரும் ஒரு வலைப்பின்னலே இயங்குகிறது. அதில் ஒரே பாகம் பல தரங்களில் வரும்: கம்பெனி ஒரிஜினல், பழைய செட்டிலிருந்து கழற்றியது, வேறு ஆலையில் செய்த காப்பி. அமோலெட் இருந்த இடத்தில் எல்.சி.டி. காப்பி போட்டால் செட்டு தடிமனாகும், நிறம் வெளிறும், பேட்டரி சீக்கிரம் இறங்கும். சில மாடல்களில் திரைக்குள் இருக்கும் கைரேகை உணரி வேலை செய்யாது. காப்பி போடுவது குற்றமில்லை. சொல்லாமல் போடுவதுதான் குற்றம். எனவே கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு: எந்தத் தரம், எத்தனை மாத உத்தரவாதம், கழற்றிய பாகம் திரும்பக் கிடைக்குமா, பில் தருவீர்களா? நான்குக்கும் முகம் சுளிக்காமல் பதில் சொல்லும் கடைக்காரரே நல்ல கடைக்காரர். அவரிடம் பத்து இருபது ரூபாய்க்குப் பேரம் பேசுவதைவிட, அவர் கடையை நிலைக்க வைப்பது ஊருக்கு நல்லது.

செட்டோடு கடவுச்சொல்லையும் எழுதிக் கொடுப்பது நம் வழக்கமாகிவிட்டது. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-இல் பழுதுபார்க்கும் இடங்களுக்குக் கணினிகளைக் கொடுத்துச் சோதித்தபோது, சில இடங்களில் வாடிக்கையாளரின் சொந்தப் படங்களும் கோப்புகளும் திறந்து பார்க்கப்பட்டது பதிவாகியிருந்தது, நகலெடுக்கப்பட்டதும் உண்டு. நம் வீட்டுப் பெண்களின் படங்களும் வங்கிச் செயலிகளும் இருக்கும் செட்டு இது. சாம்சங்கில் 'மெயின்டனன்ஸ் மோட்', பிக்சலில் 'ரிப்பேர் மோட்' என்று சொந்தத் தகவலைப் பூட்டிவிட்டுக் கொடுக்கும் வசதி வந்துவிட்டது. அது இல்லாத செட்டில் பேட்டரியும் டிஸ்ப்ளேயும் மாற்றும்போது பக்கத்திலேயே அமர்ந்திருந்து வாங்கி வரலாம். அந்த வேலைகளுக்குக் கடவுச்சொல் தேவையில்லை; சோதிக்கும்போது நாமே திறந்து காட்டினால் போதும்.

எப்போது மாற்றியே ஆக வேண்டும்?

பாகங்கள் எல்லாம் நல்ல நிலையில் இருந்தும் ஒரு செட்டு காலாவதியாகலாம். 2023 அக்டோபரில் ஆண்ட்ராய்டு 5-க்கு முந்தைய செட்டுகளுக்கு வாட்ஸப் தன் ஆதரவை நிறுத்தியது. 2025 மே மாதம் ஐ.ஓ.எஸ். 15.1-க்குக் கீழுள்ள ஐபோன்களில் நிறுத்தியது. வங்கிச் செயலிகள் ஒவ்வொன்றும் இப்படி ஒரு கோட்டை மெல்ல உயர்த்திக்கொண்டே போகின்றன. பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுபோன செட்டில் பேசலாம், பாட்டுக் கேட்கலாம். பெரிய தொகை புழங்கும் கணக்கை வைத்துக்கொள்வது ஆபத்து.

இந்த ஆயுள் செட்டுக்குச் செட்டு எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள். 2023-இல் பிக்சல் 8-க்கு கூகுளும், 2024 ஜனவரியில் கேலக்ஸி எஸ்24-க்கு சாம்சங்கும் ஏழாண்டு புதுப்பிப்பு உறுதி தந்தன. விலை குறைந்த பல செட்டுகளுக்கு இரண்டு மூன்று ஆண்டுகளே. குறைந்த விலைச் செட்டை வாங்குபவர்தான் அதை நீண்ட காலம் வைத்திருக்க வேண்டியவர். அவருக்குத்தான் குறுகிய ஆயுள் விற்கப்படுகிறது. இதில் உள்ள அநியாயத்தை நாம் போதுமான அளவு பேசவில்லை.

மாற்ற வேண்டிய நிலை வந்தால் புதிதுதான் வேண்டும் என்பதில்லை. இன்னும் மூன்று நான்கு ஆண்டு மென்பொருள் ஆதரவு மீதமுள்ள நல்ல செகண்ட்ஸ் செட்டு, ஒன்றரை ஆண்டில் ஓயப்போகும் புது மலிவுச் செட்டைவிட மேலானது. வாங்கும் முன் *#06# அழுத்தி வரும் ஐ.எம்.ஈ.ஐ. எண்ணை, தொலைத்தொடர்புத் துறை 2023 மே மாதம் தொடங்கிய சஞ்சார் சாத்தி தளத்தில் போட்டுப் பார்த்தால், அது திருட்டுப் போனதாக முடக்கப்பட்டதா என்று தெரியும். பில்லும் பெட்டியும் இல்லாமல் சீசன் கூட்டத்தில் மலிவாகக் கிடைக்கும் செட்டுக்கு இந்தச் சோதனை கட்டாயம்.

வீட்டுக் கணக்குக்கு வெளியே

ஒரு ஸ்மார்ட்போன் தன் வாழ்நாளில் உண்டாக்கும் கரிம வெளியீட்டில் ஏறத்தாழ எண்பது சதவீதம் அதைச் செய்யும்போதே ஏற்பட்டுவிடுகிறது என்று ஆப்பிள் தன் மாடல்களுக்கு வெளியிடும் அறிக்கைகளே காட்டுகின்றன. நாம் தினமும் சார்ஜ் போடும் மின்சாரம் சிறு பங்குதான். ஆகவே ஒரு செட்டை ஓராண்டு கூடுதலாக ஓட்டுவதே நம்மால் ஆன பெரிய சேமிப்பு. ஐ.நா. அமைப்புகளின் 2024 அறிக்கையின்படி 2022-இல் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம். மீதியில் ஒரு பகுதி வீட்டு அலமாரிகளில் தூங்குகிறது. ஒரு பகுதி எரிக்கப்படுகிறது, அமிலத்தில் கரைக்கப்படுகிறது. சிற்றாற்றுக் கரையில் குப்பையோடு எறியப்படும் பேட்டரியின் நச்சு, அந்த ஆற்றை நம்பிய வயலுக்குத்தான் போகும். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகள் தயாரிப்பாளரின் மீதே மறுசுழற்சிப் பொறுப்பை வைத்திருக்கின்றன. பழைய செட்டைப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளருக்குச் சேரும் வழியிலேயே கொடுக்க வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு இதில் தனிப் பொறுப்பும் இருக்கிறது. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை திறந்தது. 2014 நவம்பரில் மூடியது. இன்று ஃபாக்ஸ்கான் அதே ஊரில் ஐபோன்களைக் கோக்கிறது. தென் மாவட்டத்துப் பெண்கள் விடுதிகளில் தங்கி அந்த வரிசைகளில் வேலை பார்க்கிறார்கள். ஒரு செட்டை முழுதாகக் கோக்கும் திறன் நம் பிள்ளைகளின் கையில் இருக்கிறது. அதே செட்டைத் திறந்து சரிபார்க்கும் வரைபடமும் அசல் பாகமும் நம் ஊர்க் கடைக்காரருக்குக் கிடைப்பதில்லை. இந்த முரண் இயற்கையானது அல்ல. நிறுவனங்களின் கொள்கையால் உண்டானது. ஆகவே கொள்கையால் மாற்றக்கூடியது.

சட்டம் எங்கே நிற்கிறது?

கார் உதிரிபாகங்களில் இந்தியா இதைச் செய்து காட்டியிருக்கிறது. வெளி மெக்கானிக்குகளுக்குப் பாகங்களையும் தொழில்நுட்பத் தகவலையும் தராமல் தடுத்ததற்காக 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு குழுவை அமைத்து, செல்போனையும் அதில் சேர்த்தது. அந்த ஆண்டு டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் நாளன்று, அதற்கான இணையதளமும் தொடங்கியது. செல்போன்களுக்குப் பழுதுபார்ப்புக் குறியீடு வழங்குவது பற்றி ஆராய்ந்த குழு 2025 மே மாதம் அறிக்கை கொடுத்தது. திரை, பேட்டரி போன்ற முக்கிய பாகங்கள் எவ்வளவு எளிதாகக் கழற்றத் தக்கவை, உதிரிபாகம் கிடைக்கிறதா, மென்பொருள் எத்தனை காலம் வரும் என்பவற்றுக்கு மதிப்பெண் தந்து, வாங்கும் இடத்திலேயே காட்ட வேண்டும் என்பது அதன் சாரம்.

வெளியே பார்த்தால் வழி இன்னும் தெளிவு. பிரான்ஸ் 2021 ஜனவரி முதல் பழுதுபார்ப்பு மதிப்பெண்ணைக் கட்டாயமாக்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் செல்போன்களின் பேட்டரி 800 சுற்றுக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவு தாங்க வேண்டும். விற்பனை நிறுத்திய பின்னும் ஏழாண்டு உதிரிபாகம், ஐந்தாண்டு மென்பொருள் கிடைக்க வேண்டும். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2024-இல், கம்பெனி அங்கீகரிக்காத பாகத்தை மாற்றினால் செட்டை முடக்கும் மென்பொருள் பூட்டுகளைத் தடை செய்தது. ஐரோப்பாவில் விற்கும் அதே கம்பெனிகள்தான் தென்காசியிலும் விற்கின்றன. அங்கே முடிவது இங்கே முடியாது என்பதற்கு எந்தத் தொழில்நுட்பக் காரணமும் இல்லை.

இதற்கிடையே தனிமனிதருக்கு இருக்கும் வழி 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். வாரண்டிக் காலத்தில் சரிபார்க்க மறுத்தாலோ, ஒரே கோளாறு திரும்பத் திரும்ப வந்தாலோ 1915 என்ற தேசிய உதவி எண்ணில் புகார் செய்யலாம். தீராவிட்டால் மாவட்ட ஆணையத்தில் இரண்டாண்டுக்குள் வழக்கிடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமில்லை. இதற்கெல்லாம் ஆதாரம் பில்தான். "பில் போட்டால் விலை கூடும்" என்ற பேச்சுக்கு மயங்கிச் சில நூறு ரூபாயைச் சேமிப்பவர், முழு உரிமையையும் கடை மேசையிலேயே விட்டுவிட்டு வருகிறார்.

தீர்மானம்

ஆராய்ந்ததைத் தொகுத்தால் ஒரு வரிசை கிடைக்கிறது. முதலில் காசில்லாத வழிகள்: இடம் காலி செய்தல், துளையைச் சுத்தம் செய்தல், வேறு சார்ஜர், ரீசெட். அடுத்து பேட்டரியும் சப் போர்டும். இவை பழுதானால் சரிபார்ப்பதே சரி, மென்பொருள் ஆதரவு ஓராண்டாவது மீதமிருந்தால் போதும். டிஸ்ப்ளே என்றால் மாதக் கணக்குப் போட வேண்டும். போர்டு போயிருந்தாலோ, நீரில் விழுந்திருந்தாலோ தகவலை மீட்டுக்கொண்டு மாற்றத் தயாராக வேண்டும். மென்பொருள் நின்றுவிட்டால், எந்தப் பாகம் நன்றாக இருந்தாலும் பணம் புழங்கும் வேலையிலிருந்து அந்தச் செட்டுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும்.

இந்த வரிசையைப் பின்பற்ற வீட்டுக்கு அறிவு மட்டும் போதாது, தகவலும் வேண்டும். எனவே கம்பெனிகளிடம் கோரிக்கை இரண்டே. விற்கப்படும் ஒவ்வொரு செட்டின் பெட்டியிலும், அதிகபட்ச விலை அச்சிடப்படும் அதே இடத்தில், பாதுகாப்புப் புதுப்பிப்பு முடியும் தேதியும், பேட்டரிக்கும் டிஸ்ப்ளேக்கும் கம்பெனி வாங்கும் விலையும் அச்சிடப்பட வேண்டும். அந்தப் பாகங்கள் அதே விலைக்குத் தென்காசிக் கடைக்காரருக்கும் கிடைக்க வேண்டும். மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி இல்லாமல் விற்க முடியாத நாடு இது. பத்தாயிரம் ரூபாய்ப் பொருளுக்கு அதைக் கேட்பது பேராசை அல்ல. மத்திய அரசு பழுதுபார்ப்புக் குறியீட்டைப் பரிந்துரையாக விடாமல் கட்டாய விதியாக்க வேண்டும். மாநில அரசு தன் ஐ.டி.ஐ.களில் செல்போன் பழுதுபார்ப்பை முழுத் தொழிலாகக் கற்பித்து, கடைக்காரர்களின் கைத்திறனுக்குச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். அதுவரை ஒவ்வொருவரும் செய்யக்கூடியது ஒன்று உண்டு: அடுத்த செட்டை வாங்கும்போது, கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்கும் முன், புதுப்பிப்பு எந்த ஆண்டுவரை வரும் என்று கடையில் கேளுங்கள். போதுமான பேர் கேட்டால், விற்பவர் அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.